புகைச் சான்றிதழில் வராத புகை

"எலெக்ட்ரிக் வண்டி வாங்கினா புகை எங்கே நிக்குது? மவுண்ட் ரோட்ல இருந்து எண்ணூருக்குப் போகுது, அவ்வளவுதானே!" எண்ணூரில் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள் இருப்பதால், சென்னையில் டீக்கடை முதல் கருத்தரங்கு வரை இந்தப் பேச்சு உண்டு. எதிர்த்தரப்போ பெட்ரோலை நாளைக்கே ஒழிக்க வேண்டும் என்கிறது. எந்த வண்டி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. விடை அதில்தான் இருக்கிறது.

முதலில், நாம் எல்லாரும் நம்பும் அந்தப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ். பெட்ரோல் வண்டிக்கு அது முக்கியமாக அளப்பது ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது வரும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் இரண்டைத்தான். பழைய நாலு ஸ்ட்ரோக் பைக்குக்கு வரம்பு முதலாவதற்கு 3.5 சதவீதம், இரண்டாவதற்கு 4500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). டீசலுக்கு ஆக்சிலரேட்டரை மிதித்துப் புகையின் கருமையைப் பார்ப்பார்கள். பிஎஸ் (பாரத் ஸ்டேஜ் என்ற இந்தியப் புகை விதி) 4க்கு முந்தைய வண்டிக்குக் கருமையின் வரம்பு 65, பிஎஸ் 4க்கு 50. நுரையீரலுக்குள் இறங்கும் பிஎம் 2.5 நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் இந்தக் கணக்கிலேயே இல்லை. தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியே இன்ஜின் ஆயில் எரிந்து நீலப்புகை விடும் பைக் பரிசோதனையில் பாஸாகிவிடலாம். ஏர் ஃபில்டர் அடைத்த நல்ல பைக் ஃபெயிலாகலாம்.

பரிசோதனையும் ஒழுங்காக நடந்தால்தான் அந்த எண்ணுக்காவது பொருள் உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். குழாய் சைலன்சருக்குள் 300 மில்லிமீட்டராவது போக வேண்டும். நுனியில் வைத்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறைந்து காட்டும், ஓட்டை சைலன்சரும் அதே வேலையைச் செய்யும். ஃபெயிலானால் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகும் முன் ஏர் ஃபில்டர், பிளக், சோக் சரியாகத் திரும்புகிறதா என்ற வரிசையில் பாருங்கள். ஸ்க்ரூவை மட்டும் திருகி வாங்கிய சான்றிதழின் ஆயுள் அடுத்த சிக்னல் வரைதான்.

பிஎஸ் 6 டீசல் கார் வேறு கதை. கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, பிடித்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள 550, 600 டிகிரி வெப்பம் வேண்டும். தினமும் வேளச்சேரியிலிருந்து கிண்டி வரை ஊர்ந்து போகும் காரில் அந்தச் சூடு வரவே வராது. சூடேற்ற கார் தானே கூடுதல் டீசலைத் தெளிக்கும். அந்த வேலையின் பாதியில் வண்டியை அணைத்து அணைத்து, எரிப்பதற்காகத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது டீசல். வாரம் ஒருமுறை ஈசிஆரில் அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். வடிகட்டியையே பிடுங்கிப் போடச் சொல்லும் மெக்கானிக்கிடம் போகாதீர்கள். நாளெல்லாம் நகரத்துக்குள்ளேயே ஓடப்போகிறவர் டீசல் கார் வாங்கியதே தப்பு என்பது என் கருத்து.

அடுத்து இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் ஏறக்குறைய 7 சதவீதம் சக்தி போகிறது. மைலேஜ் குறைந்ததாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் கற்பனை செய்யவில்லை. ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டி கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதி இல்லை. பெட்ரோல் குறைந்த கலவை எரிந்து இன்ஜின் சூடாகும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

நம்ம ஊருக்கென்று உள்ள தொல்லை ஈரம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். ஐப்பசி மழையில் கால் டேங்க் பெட்ரோலோடு ஒரு மாதம் நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் கிளம்பவில்லையா? கார்புரேட்டர் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்கையே காலி செய்தாக வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் உப்பி வெடிக்கும். எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

இனி ஆட்டோ. காற்றைப் பற்றிப் பேசினால் இங்கேதான் அதிக நேரம் பேச வேண்டும், ஏனென்றால் ஒரு நாளைக்கு 100, 120 கிலோமீட்டர் ஓடும் வண்டி இது. எல்பிஜி ஆட்டோவில் திரவ கேஸை ஆவியாக்கும் வேப்பரைசரில் தங்கும் எண்ணெய்க் கசடை அவ்வப்போது வடிக்காவிட்டால் அதன் ரப்பர் சவ்வான டயஃப்ரம் விறைத்து, கலவை கெட்டு, கேஸ் வண்டியும் நாறும். டேங்கில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வால்வு இருக்கும். வீட்டு சிலிண்டரிலிருந்து திருட்டுத்தனமாக ஏற்றும்போது அந்தக் காவலை மதிப்பார் யார்? சித்திரை வெயிலில் திரவம் விரியவும் உள்ளே இடம் வேண்டும். சிஎன்ஜியில் கரி மிகக் குறைவு, ஆனால் சிலிண்டரில் 200 பார் அழுத்தம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை கட்டாயம். சிலிண்டர் தகட்டில் தேதியைப் பாருங்கள். வறண்ட எரிபொருள் என்பதால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயும், வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

எலெக்ட்ரிக் ஆட்டோவுக்குத் தடையாக எல்லாரும் ரேஞ்சைச் சொல்கிறார்கள். வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ தெருவில் வண்டியை நிறுத்துகிறவர் இரவு எந்த பிளக்கில் சொருகுவார் என்பதுதான் நிஜமான சிக்கல். ஆட்டோ ஸ்டாண்டில் சார்ஜிங் பாயின்ட் வைக்காமல் மானியம் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணூர் வாதத்துக்கு வருவோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக், கிலோமீட்டருக்குச் சுமார் 46 கிராம் கரியமில வாயு விடும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பிளக்கில் இழுப்பது கிலோமீட்டருக்கு 35 வாட் மணி அளவு. நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால் 25 கிராம், கம்பி இழப்பையும் சேர்த்தால் 30 வரை. லாபம் 16 கிராம்தான், ஆனால் ஓட ஓடச் சேரும். தினம் 120 கிலோமீட்டர் ஓடும் டெலிவரி பைக் ஒன்று மாறினால், 15 கிலோமீட்டர் ஆபீஸ் போகும் எட்டு ஸ்கூட்டர்கள் மாறியதற்குச் சமம். எண்ணூர்க்காரர்களின் கோபம் நியாயமே. அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015இல் வரம்பு விதித்துவிட்டுக் கெடுவைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். அதற்கு வழி அங்கே புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவி வைப்பது, தி.நகரில் கரும்புகை விடுவதால் எண்ணூருக்கு ஒரு நன்மையும் இல்லை.

ஆக, என் வரிசை: பஸ், ஆட்டோ, டெலிவரி பைக், கடைசியாக வாரம் இருமுறை மட்டும் எடுக்கும் சொந்தக் கார். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதை இதனால்தான் பெரிதாக நினைக்கிறேன். கனமான மின்சாரக் காரும் டயர் தூசியைக் கிளப்பத்தான் செய்யும்.

வீட்டில் சார்ஜ் செய்கிறவர்களுக்கு இரண்டு கணக்கு. ஸ்கூட்டரை மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 70, 80 யூனிட் கூடும். அது உங்களை 500 யூனிட்டைத் தாண்ட வைத்தால், இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். தனி 16 ஆம்ப் பாயின்ட், 4 சதுர மில்லிமீட்டர் வயர், மின்கசிவு 30 மில்லிஆம்ப் ஆனாலே விழும் டிரிப்பர், ஒழுங்கான எர்த் நான்கும் வேண்டும். தரைத்தளப் பார்க்கிங் என்றால் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்ற கறை சுவரில் எதுவரை இருக்கிறதென்று பார்த்து, அதற்கு மேலே பொருத்தச் சொல்லுங்கள்.