பி2இமோ: மூன்றாவது பூச்சில் பிடிபட்ட துரு

கடந்த ஞாயிறு காலை 11 மணிக்கு, ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஈரத்துணியால் மெல்லத் தேய்க்கத் தேய்க்க, சிவப்புப் பூச்சுக்கு அடியிலிருந்து பழுப்புத் துரு திட்டுத் திட்டாக வெளிப்பட்டது. இரண்டு முறை கெட்டு, முழுவதையும் சுரண்டி எடுத்து, மூன்றாவது முறையாகப் பூசியது இது. ஸ்டார் வார்ஸின் 'ஆண்டோர்' தொடரில் வரும் பி2இமோ என்ற ரோபோவின் உடல் என்று இப்போதுதான் கூச்சமின்றிச் சொல்ல முடிகிறது.

இந்த வேலை தொடங்கியதே ஒரு வாக்குவாதத்தில்தான். ஸ்டார் வார்ஸின் கிளைத் தொடர்களில் எது உயர்ந்தது என்று தண்டையார்பேட்டை நண்பர் ஒருவருக்கும் எனக்கும் 2022 முதல் வழக்கு நடக்கிறது. அவர் 'மாண்டலோரியன்' கட்சி, நான் 'ஆண்டோர்' கட்சி. 2019 நவம்பரில் அந்தத் தொடர் வந்து வென்றிருக்காவிட்டால் பிற தொடர்களுக்கு யார் பணம் போட்டிருப்பார்கள் என்று அவர் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்ல வராது. ஆனால் முதலில் வந்தது என்பதற்காகவே அதைத் தலையில் தூக்கி வைக்க நான் தயாராக இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: "உன் தொடர்லேந்து நீ ஒண்ணு செய், என் தொடர்லேந்து நான் ஒண்ணு செய்றேன். எதுல கதை இருக்குதுன்னு பாத்துக்கலாம்."

அவர் 'மாண்டலோரியன்' நாயகனான, கூலிக்கு ஆள் பிடிக்கும் டின் ஜாரினின் தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்றே வாரத்தில் முடித்துவிட்டார். வெள்ளிப் பூச்சை முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்திருக்கிறார்; மேலங்கிக்கான துணியை எம்.சி. ரோட்டில் துண்டுத் துணியாகப் பொறுக்கியிருக்கிறார். மிக அழகான வேலை. முதல் பகுதியில் பழுப்பும் சிவப்புமாக, பொருந்தாத துண்டுகளோடு சுற்றும் அந்த வேட்டைக்காரனுக்கு மூன்றாவது பகுதியில்தான் பெஸ்கார் என்ற உலோகத்தாலான முழுக் கவசம் கிடைக்கிறது என்றும், குரோகு என்ற குழந்தையை விற்று வந்த கூலியைத்தான் அவன் உடம்பில் அணிந்திருக்கிறான் என்றும், அந்தப் பளபளப்பே அவனுடைய குற்றம் என்றும் நண்பர் விளக்கியபோது, அந்தக் கோணத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை என்பதை அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

எனக்குள்ள மனத்தாங்கல் அதற்குப் பிறகு வந்த தொடர்களில் நடந்ததில் இருக்கிறது. 'போபா ஃபெட்' தொடரின் 7 பகுதிகளில் ஐந்தாவதில் போபா ஃபெட்டே இல்லை. அது முழுக்க மாண்டலோரியன் கதை. டின்னும் குரோகுவும் மீண்டும் சேர்வதும் அந்தத் தொடரில்தான் நடக்கிறது. அதைப் பார்க்காமல் 'மாண்டலோரியன்' மூன்றாம் பருவத்துக்குப் போனவர்கள், பிரிந்த குழந்தை எப்போது திரும்பி வந்தது என்று விழித்தார்கள். 'அசோகா' தொடரை முழுதாக ரசிக்க வேண்டுமானால் 'ரெபல்ஸ்' அனிமேஷனின் நான்கு பருவங்களையும் பார்த்திருக்க வேண்டும். ஒரு கதையின் உயிர்முடிச்சை இன்னொரு கதையின் வீட்டில் கொண்டுபோய்க் கட்டுவது பார்வையாளருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 2022-ல் வந்த 'ஆண்டோர்' முதல் பருவத்தின் 12 பகுதிகளுக்கு முன்கதை எதுவும் தேவையில்லை. ஸ்டார் வார்ஸ் என்ற பெயரையே கேட்டிராத என் அம்மா, நாயகனின் வளர்ப்புத் தாய் மார்வாவின் இறுதி ஊர்வலத்தைப் பார்த்து அழுதார்.

பூச்சுக்கு வருகிறேன். பி2இமோ பழைய இயந்திரம். கழிவுப் பொருள் பிரிக்கும் வேலையில் ஆண்டுக்கணக்காக உழைத்து, திக்கித் திக்கிப் பேசும் அளவுக்குத் தேய்ந்துபோனது. புதுச் சிவப்பை அடித்து நிறுத்தினால் அது பொம்மைக் கடைச் சரக்காகிவிடும். எனவே அடியில் துரு நிறம், அதன்மேல் கல்லுப்பு, அதன்மேல் சிவப்பு, பிறகு உப்பைத் தட்டி உதிர்ப்பது என்ற பழைய முறையையே எடுத்துக்கொண்டேன். முதல் முறை, அவசரத்தில், எனாமல் அடித்தளத்தின் மேல், தின்னரில் கரைத்து அடிக்கும் டியூகோ பெயிண்டை அடித்தேன். தின்னர் பட்டதும் அடித்தளம் கொதித்து எழும்பி, காய்ந்த மிளகாய்த் தோல்போலச் சுருங்கிவிட்டது. இரண்டாம் முறை எல்லாமே டியூகோ. ஆனால் மாலை 4 மணிக்கு அடித்தேன். கடற்காற்று வீசத் தொடங்கிய அரை மணி நேரத்தில் ஒவ்வொரு உப்புக் கல்லைச் சுற்றியும் நீர் கோத்து, சிவப்பு ஒட்டாமல் வளையம் வளையமாக விலகியது. பூச்சின் மேல் வெள்ளைப் புகை படிந்ததுபோலவும் ஆனது. கழுவாத கல்லுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். கடலிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்துகொண்டு அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாம் முறை உப்பை இரும்பு வாணலியில் போட்டு, வெடிக்கும் சத்தம் அடங்கும்வரை வறுத்தேன். பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியை உரலில் ஒன்றிரண்டாக நுணுக்கி, சூட்டோடு டப்பாவில் அடைத்தேன். காலை 9 மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு, தண்ணீரைப் பனிபோலத் தெளித்து உப்பைத் தூவினேன். பெரிய கற்கள் விழுந்த இடத்தில் பெரிய சிராய்ப்பும், நுணுக்கியது விழுந்த இடத்தில் புள்ளித் துருவும் கிடைத்தன. தண்ணீர் முழுதாகக் காயும்வரை ஸ்ப்ரே கன்னைத் தொடவே கூடாது.

ஆனால் எங்கே தூவுவது என்பதுதான் உண்மையான கேள்வி; அதைக் காசிமேட்டில் கற்றேன். படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அண்ணன் ஒருவரிடம் என் இரண்டாவது தோல்வியின் படத்தைக் காட்டினேன். "கயிறு தேய்ற எடத்துலதாம்பா பெயிண்டு போவும். நட்ட நடுவுல எங்கேந்து போவும்?" என்றார். அன்று ஒரு மணி நேரம் அங்கேயே நின்று பார்த்தேன். விசைப்படகின் விளிம்பில், வலைக்கயிறு உரசி உரசி, நீலம் போய், அதற்கடியில் பழைய பச்சை போய், அதற்கும் அடியில் மரம் தெரிந்தது. ஒரு சாண் தள்ளி நீலம் அப்படியே இருந்தது. அதன்படி பி2இமோவின் விளிம்புகளிலும், சக்கரத்துக்கு மேலும், மார்வா கை வைத்திருக்கக்கூடிய மேல் மூலையிலும் மட்டுமே உப்பைத் தூவினேன்.

நண்பரிடம் நான் சொல்ல வந்ததும் இதுதான்: கை பட்டுத் தேய்ந்த இடத்தில்தான் கதை இருக்கிறது. 'மாண்டலோரியன்' பெரும்பாலும், பின்னணியைத் திரையில் காட்டும் எல்.இ.டி. சுவருக்குள் எடுக்கப்பட்டது. 'ஆண்டோர்' தொடரில் வரும் ஃபெரிக்ஸ் நகரத்தையோ இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் திறந்த வெளியில் தெருத்தெருவாகக் கட்டினார்கள். அங்கே சுவரில் வரிசையாகத் தொங்கும் தொழிலாளர் கையுறைகளையும், கோபுரத்தில் சம்மட்டியால் அடித்து நேரம் சொல்பவரையும் பார்க்கும்போது, பின்னி ஆலைச் சங்கை வைத்து நாளை அளந்த பெரம்பூர்த் தாத்தாதான் எனக்கு நினைவுக்கு வருகிறார். அந்த ஆலை 1996-ல் மூடப்பட்ட பிறகும் அவர் அந்த நேரத்துக்கே சாப்பிட உட்காருவார். மார்வா இறந்த பின், தனியாக இருக்க முடியாமல் பி2இமோ வீட்டை விட்டு வர மறுக்க, குடும்ப நண்பர் பிராஸ்ஸோ அதற்குத் துணையாக அன்றிரவு தங்குகிறாரே, அந்தக் காட்சிக்கு இணையாக மற்ற தொடர்களில் எனக்கு எதுவும் தென்படவில்லை. 2025-ல் வந்த இரண்டாம் பருவத்தில் பி2இமோவுக்கு மிகக் குறைந்த இடமே கொடுத்தார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு. நண்பர் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசுகிறார்.

தலைப்பகுதி மேலெழும் அமைப்பு இன்னும் முடியவில்லை. பழைய 12 வோல்ட் மோட்டார் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வேகம் அதிகம், தலை துள்ளுகிறது. நிமிடத்துக்கு 10 சுற்று மட்டும் சுற்றும் கியர் மோட்டார் வேண்டும். சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறேன். பின்னணிக்கு ஃபெரிக்ஸ் கையுறைச் சுவர் ஒன்று வைக்கும் எண்ணமும் இருக்கிறது. பயன்படுத்தித் தேய்ந்த கையுறைகளாக இருக்க வேண்டும் என்பதால் புதுப்பேட்டைப் பட்டறைகளில் கேட்டு வைத்திருக்கிறேன்; இதுவரை நான்கு கிடைத்துள்ளன, அதில் மூன்று இடக்கைக்கானவை.