அம்மனுக்கு நேராகக் கால் நீட்டாத நாற்காலி

கடையில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த பிடியை இழுத்ததும் முதுகு பின்னால் சாய்ந்தது, கால் இரண்டும் மேலே வந்துவிட்டன. எதிர் சோபாவில் என் பாட்டி வயதில் ஒரு அம்மா. என் உள்ளங்கால் அவர் முகத்துக்கு நேராக! பதறி எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் கவனிக்கவே இல்லை. சோபாத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனடாவில் கால்கரிக்கு வந்து நாலு வருஷம். மைனஸ் முப்பதில் வண்டி ஓட்டுகிறேன், வாசல் பனியை நானே தள்ளுகிறேன். எல்லாம் பழகிவிட்டது என்றுதான் ஊருக்குப் பேசும்போது சொல்கிறேன்.

சாய்வு நாற்காலி அப்பாவுக்காக. சித்திரையில் வருகிறார். முழங்கால் வலி, எங்கள் சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பிடி வைத்த ரெக்லைனரில் கால்பலகையைக் காலாலேயே அழுத்தி மடக்க வேண்டும், அது அவருக்கு ஆகாது. பட்டன் வைத்ததுதான் சரி.

தோலில்தான் நிறைய யோசித்தேன். அட்டையில் 'லெதர்' என்று இருந்தால் போதாது. 'பாண்டட்' என்பது தோல் துணுக்குகளை அரைத்து, பிசின் கலந்து, துணிமேல் ஒட்டியது. சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும். இன்னொரு வகையில் உடம்பு படுகிற இடம் மட்டும் தோல், பக்கமும் பின்புறமும் வினைல் என்கிற பிளாஸ்டிக். கேட்டால்தான் சொல்கிறார்கள். மாட்டுத்தோலின் மேல்பகுதியில் செய்த 'டாப் கிரெய்ன்' ஒன்றைக் காட்டினார்கள். குனிந்து முகர்ந்தேன். சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் நாற்றம் வரும். அம்மா முந்தானையால் என் மூக்கைப் பொத்துவார். இது அந்த நாற்றம் இல்லை, இதமான வாசனை. ஆனாலும் ஒரு நிமிஷம் ஜன்னலோர சீட்டில்தான் இருந்தேன்.

வாங்கியாகிவிட்டது. அன்று ராத்திரி எட்டு மணிக்கு, அங்கே காலை எட்டரை, வீடியோவில் காட்டினேன். அப்பா விலை கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை.

"கால் நீட்டினா சாமி எந்தப் பக்கம் கண்ணு?"

கோட்டை மாரியம்மன் படம் கணப்படுப்பின் மேல் திட்டில் இருக்கிறது. வேறு இடமில்லை. இந்த ஊர் ஹாலே கணப்படுப்பையும் டிவியையும் பார்த்து உட்காரத்தான் கட்டியிருக்கிறார்கள். எந்த நாற்காலியைப் போட்டாலும் கால் அம்மனிடம்தான் போகிறது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஒரு வீட்டில் சாமிக்கு ஒரு மூலை வைத்துக் கட்ட மாட்டார்களா? கிழக்குச் சுவரில் போட்டால் வழி அடைத்தது. பின்னால் சாய ஒரு அடிக்கு மேல் இடம் விட வேண்டும். தெற்கே தரையில் ஹீட்டர் துவாரம். அந்தச் சூட்டில் தோல் காய்ந்து வெடிக்கும். ஐந்து தடவை இழுத்துப் போட்டேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வீட்டில் தாத்தாவின் ஈஸி சேர் திண்ணையில், தெருவைப் பார்த்து. அகலமான கைகளில் ஒரு பக்கம் காபி டம்ளர், ஒரு பக்கம் பேப்பர். காபிக்கொட்டை ஏற்காட்டிலிருந்து வரும். சனிக்கிழமை பாட்டி கழியை உருவிக் கோடு போட்ட துணியைத் துவைக்கப் போடுவாள். காய்ந்ததும் கழியைத் திரும்பக் கோர்ப்பது என் வேலை. சரியாகக் கோர்க்காவிட்டால் தாத்தா தரையில்தான் உட்காருவார். அவர் போன பிறகு அதில் அப்பா. எதிரே யாராவது வந்தால் உடனே காலை மடக்கிக்கொள்வார்.

கடைசியில் மேற்கு ஜன்னலுக்கு நேராகப் போட்டுவிட்டேன். அம்மன் பக்கவாட்டில். வானம் தெளிந்த நாளில் அந்த ஜன்னலில் ராக்கி மலைத்தொடர் தெரியும், பனி மூடி. மறுநாள் போனைத் திருப்பிக் காட்டினேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம மொட்டை மாடி மாதிரியே இருக்கே" என்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு படியேறினார், மூச்சு வாங்கியது கேட்டது. கொடியில் ஈஸி சேர் துணி தொங்கியது. அதற்குப் பின்னால், வெயிலில், சேர்வராயன் மலை.

"துணி காஞ்சிருச்சாப்பா?" என்றேன்.

"இன்னும் ஈரமா இருக்கு கண்ணு."