முறிகண்டியில் ஐந்து நிமிடம் போதாது

வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஏ9 வீதியில் போய் வந்த எல்லாருக்கும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தெரியும், ஆனால் அநேகமாக எல்லாருக்கும் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான் தெரியும். பஸ் நிற்கும், இறங்கி முகம் கால் கழுவி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் ஒன்றை அடித்து, கச்சான் கடலைச் சரை ஒன்றை வாங்குவதற்குள் கண்டக்டர் கூப்பிடத் தொடங்கிவிடுவார். சின்ன வயதிலிருந்து எனக்கும் அப்படித்தான், பிள்ளையாரிடம் சொல்ல நினைத்ததில் பாதி எப்போதும் மிஞ்சிவிடும். அதனால் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல், தனியாக, முறிகண்டியில் ஆறுதலாக இருந்துவிட்டு, அப்படியே கிளிநொச்சிப் பக்கம் போய்ப் பின்னேரம் திரும்பலாம் என்று வெளிக்கிட்டேன்.

வவுனியாவில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் எடுக்கும்போது முறிகண்டி என்றதும் கண்டக்டர், “கோயிலடியிலை எல்லாரும்தானே இறங்குவினம் அண்ணை” என்றார். “இல்லைத் தம்பி, நான் அங்கேயே நிக்கப் போறன்” என்றேன். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று காடும் வயலும் மாறி மாறி வந்தன.

முறிகண்டி வானளாவிய கோபுரத்துக்குப் பேர்போன கோயில் இல்லை. தெருவோரப் பிள்ளையார், வழித்துணைக்கு இருக்கிறவர். நான் வந்த பஸ் போனதும் கொஞ்ச நேரம் அமைதி, பிறகு அடுத்தது வந்துவிட்டது. நாலு பஸ் வந்து போகும் வரைக்கும் ஓரிடத்தில் இருந்து பார்த்தால்தான் இந்தக் கோயிலின் பூசை எங்கே நடக்கிறது என்று விளங்குகிறது. அது பெரும்பாலும் வீதியில்தான் நடக்கிறது. லொறிக்காரர் ஒருவர் என்ஜினை நிறுத்தாமலே குதித்து இறங்கி, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கி விட்டுக்கொண்டு ஓடிவந்து கும்பிட்டார், திருநீற்றை நெற்றியில் இழுத்தார், போய்விட்டார். அரை நிமிடம்கூட இருக்காது, ஆனால் அந்த அரை நிமிடத்தில் அவர் வேறெங்கும் பார்க்கவில்லை. புது மோட்டார் சைக்கிளோடு ஒரு குடும்பம் வந்து சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது. நயினாதீவு விகாரைக்குப் போகிற தென்பகுதிச் சிங்கள யாத்திரிகர்களின் பஸ் ஒன்றும் நின்றது, வெள்ளை உடுத்திய அம்மாமார் எங்களைப் போலவே கற்பூரம் கொளுத்தி, எங்களைப் போலவே கச்சானும் வாங்கினார்கள்.

கச்சான் வறுக்கிற அம்மா ஒருவர் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். “என்ன பிள்ளை, பஸ்ஸை விட்டிட்டியளோ?” என்று கேட்டார். இருந்து கும்பிட வந்தேன் என்றதும், “அப்ப இருங்கோ, ஆர் துரத்தினது?” என்று ஸ்டூலை நிழலுக்குத் தள்ளிப் போட்டார். சுடுமணலில் கச்சானைப் பிரட்டிக்கொண்டே, போரால் மூடிக்கிடந்த பாதை 2002 இல் திறந்தபோது வாகனங்கள் வரிசையாக வந்து நின்றதையும், 2006 ஓகஸ்டில் மறுபடியும் மூடியதும் வீதி வெறிச்சோடிப் போனதையும் சொன்னார். வாகனமே வராத காலத்தில் வழிப்பிள்ளையார் எப்படி இருந்திருப்பார் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. போர் முடிந்து பாதை திறந்தபோது முதல் வந்த பஸ்களில் இருந்தவர்கள் இங்கே இறங்கி அழுதார்கள் என்றார். அதற்குப் பிறகு நானும் போய் நின்று, இவ்வளவு காலமாக மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் அவசரமில்லாமல் சொல்லி முடித்தேன்.

மத்தியானத்துக்கு முன் இரண்டு பெடியன்கள் சைக்கிளில் வந்தார்கள், பக்கத்தில் அறிவியல் நகரில் இருக்கிற யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவர்கள். ஒருவர் மட்டக்களப்பு, மற்றவர் மலையகம். அடுத்த நாள் பரீட்சையாம். சட்டைப்பையிலிருந்த பேனைகளைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்து எடுத்து, என்னிடம் கூச்சத்தோடு சிரித்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. போர்க்காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பதற்காக ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது, இன்றைக்கு வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் படிக்க இங்கே வருகிறார்கள். பிறகு பஸ்ஸில் அந்த வளாகத்தைக் கடந்தபோது தலையை வெளியே நீட்டாத குறையாகப் பார்த்தேன். வெட்டையில் நீளமான கட்டடங்கள், மர நிழலில் கொப்பிகளோடு பிள்ளைகள், வாசலில் தேத்தண்ணிக்கடை. கிளிநொச்சி ஒரு பல்கலைக்கழக ஊராகிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் நம்பாதவர்கள் ஒருநாள் அந்தப் பக்கம் போய்வர வேண்டும்.

இரணைமடுச் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன், குளத்தடியில் கனகாம்பிகை அம்மன் இருக்கிறாள். வெயில் நேரம், கோயிலில் ஆட்கள் குறைவு. அம்மனைக் கும்பிட்டுவிட்டு அணைக்கட்டில் ஏறினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். வடக்கின் மிகப் பெரிய குளம் இது, கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்க்கிற தண்ணீரில்தான் கிளிநொச்சியின் சிறுபோகம் விளைகிறது. விதைக்கிறவன் அம்மனிடம் தண்ணீர் கேட்காமல் வேறு என்ன கேட்பான்? நான் காற்று வாங்கியபடி அங்கேயே நன்றாக இருந்துவிட்டேன், பின்னேரம் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலில் விளக்கேற்றுகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை முறிகண்டியில் சனம் அதிகம், ஆறுதலாக இருந்து கும்பிட வேண்டுமென்றால் மற்றக் கிழமை நாளில் காலையிலேயே போங்கள். அணைக்கட்டில் நிழல் பெரிதாக இல்லை, குடையும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். ஓட்டோக்காரரிடம் போகவும் வரவும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள், குளத்தடியில் திரும்பி வர வாகனம் கிடைப்பது கஷ்டம்.