மாவுக்கட்டு பிரித்த பிறகு

ஆவணி 16

இன்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஆடி 5 அன்று, நனைந்த காலோடு முற்றத்திலிருந்து அதைச் சுற்றிய வளவுத் தாழ்வாரத்துக்கு ஏறும்போது ஆத்தங்குடித் தரைக்கல் வழுக்கியதையும், தலை தப்பட்டும் என்று வலக்கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்ததையும் முன்பே எழுதியிருக்கிறேன். ஆறு வாரம் உள்ளே இருந்த கை, தோல் செதில் செதிலாக உரிந்து, முன்கை சுள்ளியாக மெலிந்து, விரல்கள் மட்டும் வீங்கியபடி வெளியே வந்தது. "எலும்பு கூடிவிட்டது" என்று மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். எலும்பு கூடிவிட்டால் கை திரும்பிவிட்டது என்றே நானும் எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுக்களையில் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். விரல்கள் செம்பின் கழுத்தைச் சுற்றவே இல்லை.

பக்கத்து வீட்டு ஆச்சி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, நன்றாக உருவிவிட்டால் சரியாகும் என்றார்கள். மனம் நோகாமல் மறுத்துவிட்டேன். எண்ணெய் மட்டும் பிறையில் இருக்கிறது.

ஆவணி 18

பள்ளத்தூரிலிருந்து பேருந்தேறிக் காரைக்குடியில் உள்ள பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். இயன்முறை மருத்துவம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் வருகிறவர்கள் எல்லோரும் பிசியோ என்றுதான் சொல்கிறார்கள். சிகிச்சை அளிக்கும் பெண் புதுவயல்காரர், இருபத்தெட்டு வயது இருக்கலாம். கையைத் தொடுவதற்கு முன்பு கால் மணி நேரம் கேள்வியாகவே கேட்டார்: எந்தக் கையால் சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை உண்டா, இரவில் எரிச்சல் இருக்கிறதா, விரல் நுனி மரத்துப் போகிறதா, வீட்டில் தண்ணீர் இறைப்பது யார் என்றெல்லாம்.

முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் எலும்பு ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. கையை ஊன்றி விழும்போது ரேடியஸின் கீழ்முனை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உடைந்து புறங்கைப் பக்கம் சரிகிறது. மாதவிடாய் நின்று எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கிய பெண்களுக்கு இது மிகவும் சாதாரணமாக நேர்கிறது. இதற்குக் காலிஸ் முறிவு என்று பெயர். அயர்லாந்து அறுவை மருத்துவரான ஆபிரகாம் காலிஸ் இதை விவரித்து எழுதியது 1814ஆம் ஆண்டில். ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தது 1895இல் என்பதால், படம் என்ற ஒன்று வருவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, கையின் வடிவத்தைப் பார்த்தும் தடவியும் ஒருவர் இதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு இந்தச் செய்தி வலியை ஐந்து நிமிடம் மறக்கடித்தது.

பிறகு அளவெடுத்தார். நம் பள்ளிக்கூடப் பாகைமானிக்கு இரண்டு நீண்ட கைகள் முளைத்தாற்போன்ற ஒரு கருவி. அதன் அச்சை மணிக்கட்டின் பக்கவாட்டில் வைத்து, ஒரு கையை முன்கையோடும் மற்றதை உள்ளங்கை எலும்போடும் பொருத்திப் பாகையைப் படிக்கிறார்கள். கையைப் பின்புறம் மடக்குவது 20 பாகை, முன்புறம் மடக்குவது 25, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது 30. நல்ல கையில் முதலாவது 70ஐயும் இரண்டாவது 80ஐயும் ஒட்டி இருக்கும். மூன்றாவது 80க்கும் 90க்கும் இடையில். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னும் பின்னும் 40 பாகை வந்தாலே சமாளிக்கலாம் என்றார். பிடியின் வலுவைக் காட்டும் கருவியை அழுத்தியபோது இடக்கை 17 கிலோ, வலக்கை 3 கிலோ.

ஒரு மனக்குறையையும் எழுதியாக வேண்டும். கட்டுப் போட்ட இடத்தில் "கையை அசைக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு விரல், முழங்கை, தோள் எதையும் அசைக்காமல், தூளியில் கையைத் தொங்கவிட்டபடி ஆறு வாரம் இருந்தேன். அசைக்கக் கூடாதது மணிக்கட்டு மட்டும்தான். கட்டுக்கு வெளியே நிற்கும் விரல்களை நாளெல்லாம் மடக்கி நீட்டி, தோளையும் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தால் இந்த வீக்கத்திலும் விறைப்பிலும் பாதி வந்திருக்காது. ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் போதும்.

ஆவணி 19

இரவெல்லாம் கை விண்ணென்று தெறித்தது. வலிக்கும் ஒரு கணக்கு சொல்லியிருந்தார்: பயிற்சிக்குப் பின் வரும் வலி அரை மணிக்குள் அடங்கினால் அளவு சரி, மறுநாள் காலை வீக்கத்தோடு நின்றால் அளவு மீறியது. எனக்கு மீறியிருந்தது. பத்து தடவை என்றதை ஆர்வத்தில் முப்பது தடவை செய்தது என் தவறு.

ஆவணி 23

இன்று செப்டம்பர் 8, உலக இயன்முறை மருத்துவ நாள். அங்கே சாக்லேட் கொடுத்தார்கள். உறையை இடக்கையாலும் பல்லாலும் பிரித்தேன்.

வீட்டுக்குத் தந்த பயிற்சிகள் எளிமையானவை, ஆனால் நாளைக்கு ஐந்து முறை. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு விரல்களைக் கொக்கி போல் மடக்குவது, பிறகு முழு முஷ்டி, பிறகு நீட்டுவது. முன்கையை மேசையில் கிடத்தி மணிக்கட்டை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு ஏற்றி இறக்குவது. இரும்புக் கரண்டியின் காம்பைப் பிடித்து நிமிர்த்தி, அதன் கனம் இழுக்கும் பக்கமெல்லாம் கையை மெல்லச் சாய்த்துத் திரும்பக் கொண்டுவருவது. கடைசியானதில்தான் ரேடியஸ் அல்னாவைச் சுற்றி உருளக் கற்றுக்கொள்கிறது. தோளுக்கும் மறக்காமல் இரண்டு பயிற்சி உண்டு. தூளியில் கிடந்த தோளும் பூட்டிக்கொள்ளப் பார்க்குமாம்.

ஆவணி 30

இன்று மெழுகு. பாரஃபின் மெழுகை எண்ணெயோடு கலந்து ஐம்பது பாகை செல்சியசுக்குச் சற்று மேலே உருக்கி வைத்திருக்கிறார்கள். கையை முக்கி எடுத்து, காய்ந்து வெண்மையாக வரும்வரை நிறுத்தி, மறுபடி முக்கி, இப்படி ஆறேழு தடவை செய்து பிளாஸ்டிக் தாளில் சுற்றி, துண்டால் மூடிப் பதினைந்து நிமிடம் வைத்தார்கள். பிரித்தால் கையுறையைக் கழற்றுவது போல் மெழுகு ஒரே துண்டாக உரிந்து வருகிறது. உள்ளே என் ரேகைகள் தலைகீழாகப் பதிந்திருந்தன. சுகமாக இருக்கிறது என்றேன். "இது சுகத்துக்கு மட்டும்தான் ஆச்சி, இந்தச் சூடு ஆறுவதற்குள் செய்கிற பயிற்சிதான் மருந்து" என்று உடனே கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தக் கூடத்தில் அமர்ந்திருக்கும் நேரத்தில் இந்த வாக்கியத்தின் நியாயம் நன்றாகப் புரிகிறது. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு வரும் பெண்கள் பலரும், வலி தணிக்கும் மின் எந்திரத்தை மனத்தில் வைத்து, "கரண்ட் வைக்க வந்தேன்" என்றே சொல்கிறார்கள். பத்து நாள் கரண்ட் வைத்து, வலி குறைந்ததும் நின்றுவிடுகிறார்கள். மூட்டைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது மெலிந்தால் உடம்பின் கனமெல்லாம் தேய்ந்த மூட்டின் மேலேயே விழுகிறது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்துவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து அமர்வது, எடையைக் குறைப்பது ஆகியவற்றை எந்த எந்திரமும் நமக்காகச் செய்துவிடாது. வலியைத் தணிப்பதால் எந்திரத்தை வேண்டாமென்று ஒதுக்கவும் முடியாது. அதை முகப்பாக வைத்துக்கொண்டு உள்ளே போகாமல் திரும்பிவிடுவதுதான் பிழை.

எனக்குப் பக்கத்தில், கண்டாங்கிச் சேலை நெய்யும் ஒருவர் இடுப்பு வலிக்காக வந்திருந்தார். வலி வந்ததும் படுத்தே கிடந்ததில் இன்னும் இறுகிவிட்டது என்றார். அவருக்குத் தந்த முதல் அறிவுரை நடக்க வேண்டும் என்பது. இரண்டாவது, தறியில் அரை மணிக்கொருமுறை எழுந்து நின்று பின்னால் வளைய வேண்டும் என்பது. சர்க்கரைக்காரர் ஒருவருக்குத் தோள் முழுவதும் பூட்டிக்கொண்டு சட்டைக் கையில் கைவிட முடியவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் கூடுதலாக வருமாம், பிடிப்பு விட மாதக்கணக்காகுமாம்.

புரட்டாசி 8

மூன்று வாரம். பின்புறம் 38, முன்புறம் 40, மேல்நோக்கித் திருப்புவது 55. பிடி 7 கிலோ. நோட்டில் கோடு போட்டு வரைபடம் வரைந்திருக்கிறேன். எங்கள் வீட்டுச் செட்டியார் எட்டிப் பார்த்துவிட்டு, பங்குச் சந்தை இப்படி ஏறினால் நன்றாயிருக்குமே என்றார்கள்.

வரும் வழியில் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடக் கை குவித்தபோதுதான் தெரிந்தது, இதுவே ஒரு பயிற்சி என்று: இரு உள்ளங்கையும் ஒட்டியிருக்க முழங்கைகள் விரிந்தால் மணிக்கட்டு கிட்டத்தட்ட 90 பாகை பின்னால் வளைய வேண்டும். என் வலக்கை அடிப்புறம் ஒட்டாமல் விலகி நின்றது. குங்குமம் வாங்க உள்ளங்கை மேல்நோக்கித் தட்டையாக நிற்க வேண்டும். 55 பாகையில் கை சரிவாக நின்றதால் பாதி கீழே கொட்டிவிட்டது. குருக்கள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி கொடுத்தார்.

புரட்டாசி 17

மழை. போகவில்லை. வீட்டுப் பயிற்சி ஐந்து முறையும் செய்தேன்.

புரட்டாசி 24

ஒவ்வொரு தடவையும் என் புறங்கையின் நிறத்தையும் வியர்வையையும் சிகிச்சை அளிக்கும் பெண் பார்ப்பது ஏன் என்று கேட்டேன். முறிவுக்குப் பிறகு சிலருக்கு, எலும்பு சரியாகக் கூடியும், நரம்புகள் அடங்காமல் கை பளபளவென்று வீங்கி, நிறம் மாறி, தொட்டாலே தீயாக எரியுமாம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மீட்கலாம். வலிக்குப் பயந்து கையைப் பொத்தி வைத்துக்கொண்டால் முற்றிவிடும். எனக்கு இல்லை என்றார்.

எங்கள் தெருக்கோடியில் பக்கவாதத்தில் விழுந்த பெரியவரின் வீட்டுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஓர் இயன்முறை மருத்துவர் வந்துபோகிறார். சேதப்பட்ட மூளைப் பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் கற்றுக்கொள்ள, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவருடைய மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்த எனக்கு அது அந்நியமாகப் படவில்லை.

ஐப்பசி 1

தீபாவளிக்குத் தேன்குழல். மாவைப் பிசைந்தது நான்; அச்சைப் பிழிந்தது மருமகள். பிழிவதற்கு இரண்டு கையும் எதிரெதிராக வலு கொடுக்க வேண்டும், இன்னும் அந்த வலு வரவில்லை. துண்டை நனைத்துப் பிழியும் பயிற்சியும் இதே அசைவுதான். அதில் சொட்டு விழுகிறது, தாரையாக விழவில்லை.

ஐப்பசி 20

பின்புறம் 55, முன்புறம் 58, மேல்நோக்கி 72. பிடி 11 கிலோ. இனி வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்றார். கை இவ்வளவு தேறிய பிறகு, விழுந்த காரணத்தைப் பார்க்காமல் விடக் கூடாது என்று இரண்டு காரியம் சொன்னார். ஒன்று, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். மணிக்கட்டு முறிவை இடுப்பெலும்பு முறிவுக்கு முன்னால் வரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மற்றொன்று, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலைப் பயிற்சி. முதல் நாள் வலக்காலில் நான்கு நொடி நின்றேன். முற்றத்துப் படியருகே சணல் மிதியடி போட்டாயிற்று. ஆத்தங்குடிக் கல்லின் அழகு அந்த இடத்தில் மறைகிறது என்று செட்டியாருக்கு வருத்தம்.

மாலையில் கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடையக் குருத்தோலையை ஊறப்போட்டேன். ஈர ஓலையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்விக்கொண்டு, அடுத்ததை மேலும் கீழுமாக நுழைத்து, நெருக்கி இழுக்க வேண்டும். நுழைப்பது வந்தது, நெருக்குவது வரவில்லை. அடிப்பாகம் சல்லடையாக இருந்ததால் பிரித்துவிட்டேன்.

கார்த்திகை 17

திருக்கார்த்திகை. நேற்று கடைசி அளவு: 62, 65, 80; பிடி 14 கிலோ, இடக்கையிலிருந்து இன்னும் 3 குறைவு. மணிக்கட்டின் வெளிப்பக்கம் எலும்பு சற்றுத் துருத்திக்கொண்டே இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். கரண்டிப் பயிற்சி தை வரை தொடர வேண்டும். டெக்ஸா அறிக்கையில் எலும்பு மெலிவு இருப்பதாக வந்து, மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

விளக்கு ஏற்றிய பிறகு, நாளுக்கொன்றாக இருபத்தோரு இழை சேர்க்கும் பிள்ளையார் நோன்புக்காகப் புது வேட்டியின் ஓரத்திலிருந்து முதல் இழையை எடுத்தேன். நகத்தால் நூலைக் கிளப்பி, இரண்டு விரலால் பற்றி, அறாமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். முதலில் எடுத்தது பாதியில் அறுந்தது. அடுத்தது முழு நீளத்துக்கும் வந்தது. அதைத் தட்டில் சுருட்டி வைத்திருக்கிறேன். இன்னும் இருபது இழை எடுக்க வேண்டும்.