ஆர்பர் சீசனும் பேப்பர் சீசனும்

ஜூன் 7, 2025, சனி

'தி வயர்' மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் சீசன் முடிந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அது எல்லோருக்கும் பிடித்த சீசன். பால்டிமோர் நகரத்துப் போலீசையும் போதைக் கும்பல்களையும் பற்றிய அமெரிக்க டிவி தொடர், 2002இல் தொடங்கி 2008இல் முடிந்தது, மொத்தம் 60 எபிசோடு. எங்கள் செட்டில் யாரைக் கேட்டாலும் துறைமுகம் வரும் 2ஆவது சீசன் தூக்கம், பத்திரிகை ஆபீஸ் வரும் 5ஆவது சீசன் சொதப்பல் என்பார்கள். இந்தத் தடவை பார்ப்பதே அந்த இரண்டுக்காகத்தான். பழைய வண்ணாரப்பேட்டை நண்பன் லீவு நாளில் வந்து உட்காருகிறேன் என்றிருக்கிறான், ஆனால் "அந்தக் கப்பல் சீசன்ல நான் போன் நோண்டுவேன், கண்டுக்காத மச்சான்" என்ற நிபந்தனையோடு.

ஜூன் 10, செவ்வாய்

2ஆவது சீசன், முதல் எபிசோடு. மேலதிகாரியைப் பகைத்துக்கொண்ட துப்பறியும் போலீஸ்காரன் மெக்நல்டியைத் தண்டனையாகப் படகு ரோந்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். தண்ணீரில் ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. கொலைப்பிரிவு நைசாக அதைப் பக்கத்து கவுண்டியின் (நம்ம மாவட்டம் மாதிரி) வழக்காக ஒதுக்கிவிடுகிறது. இவன் விடுவானா, காற்றும் நீரோட்டமும் போட்ட அட்டவணைகளை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டு, உடல் நகர எல்லைக்குள்தான் விழுந்திருக்கிறது என்று நிரூபித்து, வழக்கைப் பழைய மேலதிகாரி தலையிலேயே கட்டுகிறான். (காசிமேட்டில் வயசான ஆள் யாரையாவது கூப்பிட்டிருந்தால் அடித்தது வாடைக்காற்றா கச்சான் காற்றா என்று பார்த்தே சொல்லியிருப்பார், அட்டவணையெல்லாம் எதுக்கு.) முதல் தடவை பார்த்தபோது இது வெறும் நக்கல் காட்சியாகத்தான் தெரிந்தது. இப்போது பார்த்தால் அந்த சீசனே இதில்தான் இருக்கிறது: செத்துப்போனவள் யார் என்பது யாருக்கும் கவலையில்லை, கணக்கு யார் பேரில் ஏறும் என்பதுதான் சண்டை.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று நள்ளிரவோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது, தெருவில் பாதி ஆம்பளைகள் கடலுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அப்பா வந்து சோபாவில் உட்கார்ந்தார். அவர் ஆர்பரில், அதாவது சென்னைத் துறைமுகத்தில், டாலி கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். தொடரில் துறைமுகத் தொழிற்சங்கத் தலைவனாக வரும் ஃப்ராங்க் சொபோட்காவும் அவன் ஆட்களும் பார்ப்பது ஏறக்குறைய அதே வேலை, அங்கே செக்கர் என்கிறார்கள். கிரேன் கண்டெய்னர் பெட்டியை இறக்கும், கீழே நிற்பவர் நம்பரைப் பதிய வேண்டும். தொடரில் பெட்டி காணாமல்போக மந்திரம் எதுவும் தேவைப்படுவதில்லை. பதிய வேண்டியவர் பதியாமல் விட்டால் போதும்.

"கிளார்க் எழுதலைன்னா பெட்டி வரவே இல்லைன்னு அர்த்தம். அவ்ளோதான் ஆர்பர்" என்றார் அப்பா. கண்டெய்னர் நம்பரில் நாலு எழுத்து, ஏழு இலக்கம், கடைசி இலக்கம் முன்னால் இருப்பதெல்லாம் சரியா என்று சோதிப்பதற்கு. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும்போது இன்னமும் அந்த நம்பர்களை வாய்க்குள் படித்துக்கொண்டே போவார், பழக்கம்.

அப்புறம் அந்த ரோட்டர்டாம் காட்சி வந்தது. ஒரு கூட்டத்தில் வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள்: அந்தத் துறைமுகத்தில் பெட்டிகளை மெஷினே எடுத்து மெஷினே வைக்கிறது, ஆளே இல்லை. மற்றவர்கள் ஆகா ஓகோ என்கிறார்கள், சொபோட்கா மட்டும் பேயைப் பார்த்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நம்ம கண்டெய்னர் டெர்மினல் தனியார் கைக்குப் போனது 2001இல், அந்த வருஷம் நீ எத்தனாவது படித்தாய் என்று கேட்டார். நண்பன் அந்தக் காட்சி முழுக்க போனைத் தொடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

2ஆவது சீசன் முடிந்தது. சொபோட்கா கடத்தல்காரர்களிடம் காசு வாங்குகிறான்தான், ஆனால் அது அவன் வீட்டுக்குப் போகவில்லை. கால்வாயைத் தூர்வாரு, தானியக் கப்பல் வரும் பழைய துறையைத் திறந்துவிடு என்று அரசியல்வாதிகளுக்குக் கொட்டுகிறான், கப்பல் வந்தால் ஆளுக்கு வேலை வரும் என்று. இதெல்லாம் முதல் தடவையும் திரையில் இருந்ததுதானே? ஏன் கண்ணில் படவில்லை என்றால், அப்போது நாம் பார்த்துக்கொண்டே இருந்தது போதை வியாபாரிகளிடமே கொள்ளையடிக்கும் ஓமர் எப்போது வருவான், போதைக் கும்பல் தலைவன் ஏவன் என்ன ஆனான் என்று. முதல் சீசனில் பிடித்த ஆட்களுக்காகக் காத்திருந்ததில் எதிரில் நின்ற ஆள் மறைந்துபோனான். இப்போது யார் எங்கே சாவான் என்று தெரியும், அதனால் அவசரம் இல்லை. 2003இல் வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தவர்கள் கடுப்பானதில் ஆச்சரியமே இல்லை.

சொபோட்காவின் மகன் ஜிக்கி மட்டும் இப்போதும் ஓவர்தான். அந்த வாத்து சமாசாரத்தை யார் வந்து எப்படி விளக்கினாலும் நான் ஏற்க மாட்டேன்.

ஜூலை 5, சனி

3, 4 முடிந்தன. 4ஆவது, பள்ளிக்கூட சீசன், இப்போதும் உச்சம், விவாதமே இல்லை. எழுதியவர்களில் எட் பர்ன்ஸ் போலீசாக இருந்து அப்புறம் வாத்தியாராகப் போனவர், அது ஒவ்வொரு வகுப்பறைக் காட்சியிலும் தெரிகிறது.

ஜூலை 13, ஞாயிறு

5ஆவது. மொத்தமே 10 எபிசோடு, அந்த அவசரம் தெரிகிறது. வீடில்லாதவர்களைக் கொல்லும் ஒரு கொலைகாரனை மெக்நல்டி கற்பனையாக உருவாக்குவதை நண்பன் இந்தத் தடவையும் நம்பவில்லை, நானும்தான். ஆனால் அவன் ஏன் அப்படிச் செய்கிறான் என்பது இப்போது வேறு மாதிரி படுகிறது. பூட்டிய வீடுகளுக்குள்ளிருந்து 22 உடல்கள் எடுத்தும் விசாரணைக்குக் காசில்லை என்கிறார்கள், இல்லாத ஒரு கொலைகாரனைப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டதும் பணம் வருகிறது.

தொடரை உருவாக்கிய டேவிட் சைமன், தான் முன்பு நிருபராக வேலை பார்த்த 'பால்டிமோர் சன்' மேல் இருந்த கோபத்தைத் தீர்த்துக்கொண்டார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. இருக்கட்டும். கதைவிடும் நிருபர் டெம்பிள்டனுக்குப் புலிட்சர் விருது, ஒழுங்காக எழுதும் நிருபர் ஆல்மாவுக்கு ஊர்க்கோடி ஆபீஸ் என்பதெல்லாம் கொஞ்சம் தடித்த கோடுதான். ஆனால் பத்திரிகையில் வராமல் போவதைக் காட்டும் இடங்கள் இருக்கிறதே! ஓமர் கடையில் சுடப்பட்டுச் சாகிறான். ஊரே பயந்த ஆள், பத்திரிகை ஆபீசில் ஒரு வரித் தகவலாக வருகிறான், இடமில்லை என்று அதுவும் போகிறது. பிணவறையில் அவன் பேர்ச்சீட்டு வேறொரு உடலில் மாறிக் கிடக்கிறது, ஊழியர் பார்த்து மாற்றி வைக்கிறார். முதல் தடவை, ஓமருக்கு இப்படி ஒரு சாவா என்று எல்லோரும் குதித்தோம். 'வடசென்னையில் ரவுடி வெட்டிக் கொலை' என்று நாலு வரியில் முடிந்துபோன செய்திகளைப் படித்து வளர்ந்த நாங்கள் அப்படிக் குதித்திருக்கவே கூடாது.

ஜூலை 19, சனி

இது எனக்கு ஞாபகமே இல்லாத காட்சி. மேயர் கார்செட்டி கடற்கரையோரம் புதிய கட்டடத் திட்டத்தைத் தொடங்கிவைக்கிறார். கூட்டத்தில் ஒருத்தன் கத்துகிறான். 2ஆவது சீசன் நிக், சொபோட்காவின் சகோதரன் மகன்! அவனை இழுத்துப் போனதும் மேயர், யார் அது என்கிறார், பக்கத்திலிருப்பவர் யாருமில்லை என்கிறார். அரை நிமிடம்கூட இருக்காது. மூன்று சீசனுக்கு முன்னால் நாம் தள்ளிவிட்ட ஆளை மேயரும் அதே மாதிரி தள்ளிவிடுகிறார்.

அப்பா எழுந்து உட்கார்ந்து, "இவன் அந்தப் பையன்தானே, கப்பல்ல ரெண்டு நாள் வேலை கிடைக்கும்னு நிப்பானே?" என்றார். நண்பனுக்கு அடையாளமே தெரியவில்லை, அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

தரவரிசை: 4, 2, 1, 3, 5. நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை, 3ஐ நாலாவதில் போட்டதற்குக் காரணம் சொல் என்று இன்னும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறான். நாளைக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.