கிளாஸ் 4 எடுத்தேன், லாரிக்கு வந்தேன்: வீட்டில் பேசி எடுத்த முடிவுகள்

சிங்கப்பூரில் பெரிய லாரி ஓட்டத் தேவையான கிளாஸ் 4 லைசென்ஸ் எடுப்பது எப்படி என்று கேட்டு இப்போதெல்லாம் நிறைய பேர் என்னிடம் வருகிறார்கள். முப்பதைத் தாண்டியவர்கள், பிள்ளைகுட்டியோடு இருப்பவர்கள். கிடங்கிலோ காவல் வேலையிலோ இருந்துகொண்டு, சம்பளம் கொஞ்சம் கூடுமே என்று இந்தப் பக்கம் பார்க்கிறவர்கள். அவர்களிடம் நான் முதலில் வீட்டைப் பற்றித்தான் கேட்பேன். மனைவி எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார், பிள்ளையை யார் பள்ளியில் விடுவது, கம்பெனி வண்டிகள் நிற்கும் யார்டு எந்தப் பக்கம்? இதற்குப் பதில் கையில் இல்லாமல் லைசென்ஸ் மட்டும் எடுத்து வைத்துப் பிரயோஜனம் இல்லை.

லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 21 வயது ஆகியிருக்க வேண்டும், கார், சின்ன லாரிக்கான கிளாஸ் 3 ஏற்கெனவே எடுத்திருக்க வேண்டும். சரக்கு இல்லாமல் 2,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள லாரி என்றால் கிளாஸ் 4 தேவை. சின்ன 14 அடி லாரிகள் பலவற்றை கிளாஸ் 3 வைத்தே ஓட்டலாம். நானும் சில வருடங்கள் அப்படித்தான் ஓட்டினேன். 24 அடி லாரிக்குப் போகும்போதுதான் இது வேண்டியிருந்தது.

பயிற்சியில் எனக்குச் சிரமமாக இருந்தது திருப்பம்தான். பெரிய லாரியில் நாம் முன்சக்கரத்துக்கு மேலேயே, சில நேரம் அதற்கும் முன்னால் உட்கார்ந்திருப்போம். கார் பழக்கத்தில் ஸ்டியரிங்கைச் சீக்கிரம் திருப்பினால் பின்சக்கரம் உள்ளே வெட்டி நடைபாதைக் கல்லில் ஏறிவிடும். நம் உடம்பு சந்திப்பைத் தாண்டிய பிறகுதான் திருப்ப வேண்டும், திருப்பிக்கொண்டே இடது கண்ணாடியைப் பார்க்க வேண்டும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். "பெலான் பெலான்", அதாவது மெதுவாக மெதுவாக, என்பதைத் தவிர அதிகம் பேசமாட்டார். அவர் சொன்ன அந்த நிதானம் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

அந்த மாதங்களில் வீட்டுப் பாரம் முழுவதும் என் மனைவி தலையில்தான். அவர் பாலர் பள்ளியில் வேலை செய்கிறார், காலை ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். சனி, ஞாயிறில் நான் பயிற்சிக்குப் போனதால் மகளின் துணைப்பாட வகுப்பு, மார்க்கெட், என் அம்மாவின் பாலிகிளினிக் அப்பாயின்ட்மென்ட் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். அதற்கு நான் பட்ட கடன் பெரியது.

லைசென்ஸ் வந்ததும் தீவின் மேற்கே ஜூரோங்கில் ஒரு விநியோக நிறுவனத்தில் சேர்ந்தேன். வேலை காலை ஐந்து மணிக்கு, எங்கள் வீடு வடக்கே ஈசூனில். அந்த நேரத்துக்கு எம்ஆர்டி ரயில் ஓடாது. லாரியை வீட்டுக்கே எடுத்துப் போகலாம் என்று கம்பெனி சொன்னது. ஆனால் சரக்கோடு சேர்த்து 5,000 கிலோவுக்கு மேல் போகும் வண்டிக்கு, இரவில் நிறுத்துவதற்கென்று பார்க்கிங் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும். கனரக வாகனங்களுக்கென ஒதுக்கிய இடத்தில்தான் நிறுத்த முடியும், அடுக்குமாடி புளோக் அடியில் கார் நிறுத்துகிற மாதிரி முடியாது. எனக்குக் கிடைத்த இடத்திலிருந்து வீட்டுக்கு நல்ல நடை தூரம். வேலைக்குப் பேசும்போதே வண்டி இரவில் எங்கே நிற்கும் என்று கேட்டு வையுங்கள். தூங்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் கூடுவதும் குறைவதும் இதில்தான் இருக்கிறது.

பிறகு கன்டெய்னர் பக்கம் போனேன். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று காசு, கூடுதலாக வரும் என்றார்கள், வந்தது. கன்டெய்னர் டிரெய்லரை இழுக்கும் பிரைம் மூவர் வண்டி வேலையை உண்மையிலேயே நேசித்தேன் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. டிரெய்லரைக் கொக்கி மாட்டுவதே தனி வேலை. மெதுவாகப் பின்னால் போக வேண்டும். டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின், நம் வண்டியின் பின்னால் இருக்கும் ஃபிஃப்த் வீல் என்ற இணைப்புத் தட்டுக்குள் போய் "டக்" என்று விழும். அந்தச் சத்தத்தை நம்பிக் கிளம்பக்கூடாது. இறங்கி, டார்ச் அடித்து, கிங் பின்னைக் கவ்வும் தாடை முழுதாக மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். சிவப்பு, மஞ்சள் காற்றுக் குழாய்களையும் மின்கம்பியையும் மாட்டி, டிரெய்லர் பிரேக்கை விடாமலே லேசாக முன்னால் இழுத்துப் பார்த்து, பிறகு டிரெய்லரின் கால்களைக் கைப்பிடி சுற்றி மேலே ஏற்ற வேண்டும். கடைசியில் நான்கு மூலையிலும் கன்டெய்னரைப் பிடித்துவைக்கும் ட்விஸ்ட் லாக் பூட்டியிருக்கிறதா என்று ஒரு சுற்று. மழையில் இதைச் செய்யும்போதும் ஒரு படியையும் விட முடியாது.

ஆனால் நேரம் நம் கையில் இல்லை. கப்பல் தாமதம், டிப்போவில் காலிக் கன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்க வரிசை, வாடிக்கையாளர் இடத்தில் சரக்கு இறக்க ஆளில்லை. ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்குப் போன நாட்கள் நிறைய. போதாக்குறைக்குத் துறைமுகமே மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்களின் வேலை 2027க்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். ஈசூன்காரனுக்கு அது தீவின் மறுகோடி.

ஒரு நாள் இரவு என் மனைவி சொன்னார்: "லேட்டா வர்றது பிரச்சினையில்லங்க. எத்தன மணிக்கு வருவீங்கன்னு தெரிஞ்சா போதும். அதுக்கேத்த மாதிரி நான் ஏற்பாடு பண்ணிக்குவேன்." அன்றுவரை நான் வேலை நேரத்தைக் குறைப்பது பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது நிச்சயமான நேரம். மாமியாரைக் கூப்பிடுவதா, மகனை யார் அழைத்து வருவது, சமையலை எப்போது முடிப்பது என்று எல்லாம் அதை வைத்துத்தான்.

அதன் பிறகு தேடியது ஒரே மாதிரி ரூட் உள்ள வேலையை. இப்போது சூப்பர்மார்க்கெட் கிளைகளுக்குச் சரக்குப் போடுகிறேன். விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பி மதியம் மூன்றுக்கு வண்டியை விட்டுவிடுவேன். கன்டெய்னரில் வந்ததைவிடச் சம்பளம் குறைவு. ஆனால் மகனைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வருவது நான், மகளின் தமிழ் வீட்டுப்பாடமும் நான். இரவு ஒன்பது மணிக்கு நான் படுத்துவிடுவேன், அதன் பிறகு வீட்டில் டிவி சத்தம் இருக்காது. அதை அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

வேலைக்குப் பேசப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். லாரி ஓட்டுவது சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் உடலுழைப்பு வேலையாகவே வரும். அடிப்படை மாதச் சம்பளம் 4,500 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) இருந்தால் வாரம் 44 மணி நேரம், அதற்கு மேல் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, மாதத்தில் ஓவர்டைம் 72 மணிக்கு மேல் போகக்கூடாது, வாரம் ஒரு ஓய்வு நாள். ட்ரிப் காசு என்று மொத்தமாகச் சொன்னால், அடிப்படை எவ்வளவு, ஓவர்டைம் எப்படி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நான் போன ஓர் இடத்தில் அதைக் கேட்டதும் பேச்சே மாறிவிட்டது, நான் சேரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை ட்ரிப் என்றும் கேளுங்கள். பெரிய லாரிக்கு விரைவுச்சாலையிலும் மணிக்கு 60 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் முடியாத எண்ணிக்கையைச் சொன்னால் அந்த வேலை வேண்டாம். ஏழு வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பிள்ளை இருந்தால் ஆண்டுக்கு ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஓட்டுநர்கள் பலர் அதைக் கேட்பதே இல்லை.

ஊரிலிருந்து வர நினைக்கும் தம்பிகளும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வேலை அனுமதியில் கனரக வாகன ஓட்டுநர்களை எடுக்க வழி செய்திருக்கிறார்கள். மாத நிலையான சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது. ஏஜெண்ட் சொல்வதை விட்டுவிட்டு, அனுமதிக் கடிதத்தில் என்ன தொகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். வேலை அனுமதியில் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. அதையும் மனைவியோடு உட்கார்ந்து பேசிய பிறகு காசு கட்டுங்கள்.

மகள் அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஆறு. அதனால் அவள் தேர்வு முடியும்வரை இதே ரூட்டில்தான் இருப்பேன். கன்டெய்னருக்குத் திரும்பிப் போவதா என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வீட்டில் வைத்திருக்கிறோம்.