"லேசா ஷாக் அடிக்கிற மாதிரி"

குளியலறைக் குழாயைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்றது. பிரமை என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மகள் வந்து, "அப்பா, குழாய் கடிக்குது" என்றாள்.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "சார், லேசா ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கு. நேரம் கிடைக்கும்போது பாருங்க." அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அவசரமில்லை என்று நானேதான் சொல்லிவிட்டேனே. படுக்கையறை சீலிங்கில் காரை பெயர்ந்ததையும் முன்பு "கொஞ்சம் விரிசல்" என்றுதான் சொல்லியிருந்தேன். காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான், வேறென்ன.

எலெக்ட்ரீஷியனை நானே கூட்டி வந்தேன். டெஸ்டரைக் குழாயில் வைத்ததும் விளக்கு எரிந்தது. ஹீட்டரில் கசிவு, எர்த் கம்பியை எதிலும் இணைக்காமல் சுருட்டி விட்டிருக்கிறார்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்று உண்டு, அதுவும் இல்லை. "ஈரக் கையோட பிடிச்சிருந்தா?" என்று கேட்டுவிட்டு ஹீட்டர் இணைப்பைக் கழற்றினார்.

அன்று இரவு எழுத்தில் புகார் தட்டினேன். படித்துப் பார்த்தால் நாலு வரியில் மூன்று "கொஞ்சம்". எல்லாவற்றையும் அழித்தேன். எந்தக் குழாய், எந்தத் தேதியிலிருந்து, எலெக்ட்ரீஷியன் என்ன சொன்னார், சீலிங்கில் எத்தனை அடிக்குக் கம்பி தெரிகிறது, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று திரும்ப எழுதினேன். பெயர்ந்த இடத்தில் அளவு டேப்பைப் பிடித்து எடுத்த படங்களையும் சேர்த்தேன்.

"இத்தனை வருஷமா ஆள் இருந்த வீடுதானே" என்று பதில் வந்தது. ஆனாலும் மூன்றாம் நாள் வயரிங் ஆள் வந்துவிட்டார்.

சீலிங்குக்கு மட்டும் பட்டியும் பெயின்ட்டும் கொடுத்து ஒரு பையனை அனுப்பினார் வீட்டுக்காரர். கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதி கான்கிரீட்டைத் தள்ளும். அதன்மேல் பட்டி பூசினால் விழப்போகும் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அந்தப் பையனிடம் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? திருப்பி அனுப்பிவிட்டு, முதல் புகாரின் கீழேயே இரண்டாவதையும் எழுதினேன். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டோம்.

போன வாரம் கொத்தனாரோடு வீட்டுக்காரரே வந்தார். கொத்தனார் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது, பொத்தென்று. அடுத்த முறை தட்டியதும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு கீழே விழுந்தது, கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில்.

வீட்டுக்காரர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.